பக்கியில் கலஹாரி வரை: புதிதாக நெடும்பயணம் கிளம்புகிறவர்களுக்கு

“அண்ணே, ஃபோர் பை ஃபோர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், ஹைலக்ஸா ரேஞ்சரா?” தென்னாப்பிரிக்காவில் ஜோபர்க், மிட்ராண்ட் பக்கம் வேலைக்கு வந்து ஒன்றிரண்டு வருடம் ஆன நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். டர்பனில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பங்களிலும் இதே கேள்வி வரும், ஆங்கிலத்தில் வரும், அவ்வளவுதான். நமீபியாவின் மணல்மேடு, போட்ஸ்வானாவின் உப்புப் படுகை, ஜாம்பெசிக் கரையில் கூடாரம் என்று படங்களைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார்கள். ஆசைப்பட வேண்டிய விஷயம்தான். வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுத்து, விமானம் ஏறாமல், நாடு விட்டு நாடு போய்வர முடிகிற இடத்தில் குடியிருக்கிறோம். போகாமல் இருப்பதுதான் தவறு.

ஆனால் அந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இப்போதைக்கு வண்டி வாங்காதீர்கள். கையில் இருக்கும் பணத்தையெல்லாம் வண்டியிலும் இரும்பு பம்பரிலும், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச்சிலும் போட்டுவிட்டு, பழைய டயரோடு கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. இந்தப் பக்கத்துப் பயணங்கள் கெட்டுப்போவது எஞ்சின் பவர் போதாமல் அல்ல. டயர், எடை, காகிதம் இந்த மூன்றில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியும் அவற்றைச் சுற்றித்தான் போகும்.

முதலில் வாடகைக்கு எடுங்கள்

கூரைக் கூடாரம், ஃப்ரிட்ஜ், கேஸ், பாத்திரம், நாற்காலி எல்லாம் ஏற்றி, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பும் வாடகை வண்டிகள் ஜோபர்கிலும் விண்ட்ஹுக்கிலும் நிறையக் கிடைக்கின்றன. வாடகை அதிகமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு பயணம் அப்படிப் போய்வந்தால், உங்கள் குடும்பத்துக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துவிடும். கூரைக் கூடாரம் பார்க்க அழகு. நடுராத்திரி குழந்தை ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுந்தால் குளிரில் ஏணி இறங்க வேண்டும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் அந்த ஏணியே ஏற முடியாது, காலையில் பக்கத்து ஊருக்குப் பால் வாங்கப் போக வேண்டுமென்றாலும் மொத்த வீட்டையும் மடித்துக்கொண்டுதான் போக வேண்டும். தரைக் கூடாரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வாங்கியபிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட வாங்குமுன் தெரிந்துகொள்வது மலிவு.

வாடகைக்கு எடுக்கும்போது கேட்க வேண்டியவை: ஸ்டெப்னி ஒன்றா இரண்டா, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் இருக்கிறதா, எந்தெந்த நாட்டுக்கு எடுத்துப்போக அனுமதிக் கடிதம் தருவார்கள், டயரும் முன்கண்ணாடியும் இன்சூரன்ஸில் வருமா. சரளைச் சாலையில் அடிபடுவது அந்த இரண்டும்தான், பல ஒப்பந்தங்களில் விட்டுப்போவதும் அந்த இரண்டுதான்.

சரி, வண்டி

தரையிலிருந்து நல்ல உயரம் உள்ள சாதாரண வண்டியே நிறைய இடத்துக்குப் போகும். கலஹாரியில் இருக்கும் கலகாடி பூங்காவின் ஆற்றுப்படுகைச் சாலைகளில் சாதாரண காரைக்கூடப் பார்க்கலாம். நான்கு சக்கர இயக்கம் கட்டாயம் வேண்டிய இடங்கள் வேறு: போட்ஸ்வானாவின் ஆழ்மணல், லெசோதோ ஏறும் சானி பாஸ் மலைப்பாதை. சானி பாஸில் அது இல்லாத வண்டியை தென்னாப்பிரிக்கச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாங்குவது என்று முடிவு செய்தால் இங்கே எல்லோரும் பக்கி என்று சொல்லும் பிக்கப்தான் பலருக்கும் சரியாக வரும். டொயோட்டாவின் ஹைலக்ஸ் டர்பனுக்குத் தெற்கே பிராஸ்பெக்டன் ஆலையில் செய்யப்படுகிறது, இசிபிங்கோவிலும் சாட்ஸ்வொர்த்திலும் அந்த ஆலையில் வேலை பார்த்தவர் இல்லாத தெருவைக் காண்பது கஷ்டம். ஃபோர்டின் ரேஞ்சர் பிரிட்டோரியாவின் சில்வர்டனில் செய்யப்படுகிறது. இந்த இரண்டுக்கும் சின்ன ஊரில்கூட உதிரிப்பாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பார்கள். வடக்கே போகப் போக டொயோட்டாவுக்கு இன்னும் கூடுதலாகக் கிடைப்பார்கள். லேண்ட் க்ரூஸர் 79 வைத்திருப்பவர்கள் அதைத் தவிர வேறு வண்டியே இல்லை என்பார்கள். உறுதியான வண்டிதான், அதன் பெரிய டீசல் டேங்க் பெரிய வசதி, ஆனால் முதல் வண்டிக்கு அந்த விலை தேவையில்லை என்பது என் எண்ணம்.

பார்க்க வேண்டியவை லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவையோடு போக), பின்பக்க டிஃப் லாக் (இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுற்ற), தரை உயரம், அப்புறம் பக்கச்சுவர் உயரமாக உள்ள டயர் பொருத்த முடிகிற சிறிய ரிம். இருபது அங்குல அலாய் ரிம் நகரத்தில் மினுக்கும், மணலில் காற்றைக் குறைக்க அதில் இடமே இருக்காது. பழைய வண்டி என்றால் கடலோரத்தில் ஓடியதா என்று கேளுங்கள், அடியில் படுத்து துருவைப் பாருங்கள், கொஞ்சம் காசு கட்டி ஒரு பரிசோதனை நிலையத்தில் முழுச் சோதனை செய்துவிடுங்கள். புதிய டீசல் எஞ்சின்களுக்குக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகம் உள்ள டீசல், எளிதாகக் கிடைக்கிறது. ஒதுக்குப்புறமான சின்ன ஊர்களில் அதை நம்பி இருக்க முடியாது என்பதால், பெரிய ஊரிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பும் பழக்கம் வேண்டும்.

எடை: யாரும் போடாத கணக்கு

இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், 220 கிலோ. பின்பக்கக் கூண்டு 90, கூரை ரேக் 30, கூரைக் கூடாரம் 65. இரண்டாவது பேட்டரியும் இழுப்பறைகளும் 80. ஃப்ரிட்ஜும் அதற்குள் இருப்பதும் மற்ற சாப்பாட்டுச் சாமானும் 70. ஜாக்கி, மண்வெட்டி, கயிறு, கருவிகள் 50. நாற்காலி, மேஜை, கேஸ், துணிமணி 100. ஜெர்ரி கேனில் நாற்பது லிட்டர் டீசல், கேனோடு சேர்த்து 40. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர் வீதம், நான்கு பேருக்கு ஐந்து நாள், 100 லிட்டர், அது அப்படியே 100 கிலோ. கூட்டினால் 845.

டபுள் கேப் பக்கி சுமக்கக்கூடியது பெரும்பாலும் ஒரு டன்னுக்குச் சற்றுக் கீழே, மாடலைப் பொறுத்து இன்னும் குறையும். இரும்பு பம்பர், வின்ச், இன்னொரு ஸ்டெப்னி, மச்சானும் அவர் மூட்டையும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டியாயிற்று. தாண்டினால் என்ன ஆகும்? பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், பின் ஸ்பிரிங் உட்காரும், சரளையில் டயர் சூடேறி வெடிக்கும், மணலில் வண்டி அப்படியே புதையும். விபத்து நடந்தால் எடை மீறல் என்ற ஒரே காரணத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்கவும் வாய்ப்பு உண்டு.

அதனால் முழுவதும் ஏற்றி, டேங்க் நிரப்பி, எல்லோரும் உட்கார்ந்து, ஒரு எடை மேடைக்குப் போய் நிறுத்துங்கள். பழைய இரும்புக் கடைகளிலும் லாரிகள் நிற்கும் இடங்களிலும் இருக்கும். வண்டியின் தகட்டில் ஜிவிஎம் (சுமையோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை) என்று போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக நிறுத்திப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கனமானவை கீழேயும் இரண்டு அச்சுக்கும் நடுவிலும் இருக்க வேண்டும். கூரைமேல் தண்ணீர் கேனும் டீசல் கேனும் கட்டிக்கொண்டு போகும் வண்டிகளைப் பார்த்தால் எனக்குப் பதறும். படத்துக்கு அழகு, ஆனால் சரளை வளைவில் அவைதான் வண்டியைக் கவிழ்க்கும். ரேக்கின் வரம்பு நிற்கும்போது ஒன்று, ஓடும்போது வேறு. ஓடும்போது உள்ளது மிகவும் குறைவு. கடைக்காரரிடம் அந்த இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

டயர்: பணத்தை இங்கே போடுங்கள்

வண்டியோடு வரும் டயர் தார் ரோட்டுக்கானது. கனமான பக்கச்சுவர் உள்ள ஆல் டெரெய்ன் டயர் ஐந்து வாங்கி விடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் ஐந்து. நமீபியாவுக்கு இரண்டு ஸ்டெப்னி வேண்டும். பஞ்சர் ஒட்டும் பிளக் கிட், நல்ல கம்ப்ரஸர், நம்பகமான காற்றழுத்த மீட்டர் இந்த மூன்றும் வின்ச்சைவிட நூறு மடங்கு உபயோகப்படும்.

காற்று விஷயம் புரிந்துவிட்டால் பாதி வித்தை கைவந்த மாதிரி. தார் ரோட்டில் சுமைக்கேற்ப 2.2 முதல் 2.4 பார் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். சரளைக்கு 1.8 அளவுக்கு இறக்குங்கள். டயர் கொஞ்சம் குழைந்து கல்லை விழுங்கிக்கொண்டு போகும், கல் டயரைக் கிழிக்காது, தகர ஓடு மாதிரி அலையலையாக இருக்கும் சாலையில் முதுகும் தப்பிக்கும். மணலுக்கு 1.2, ஆழ்மணலுக்கு 1.0, மாட்டிக்கொண்டால் 0.8. காற்று இறங்க இறங்க டயர் நீளவாக்கில் தரையில் படுக்கிறது, எடை பரவுகிறது, வண்டி மணல்மேல் நடக்கிறது. காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், திடீரென்று திருப்பக் கூடாது, ஏனென்றால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு வந்ததும் இறங்கி மறுபடி காற்றடியுங்கள். பத்து நிமிடம் சோம்பல் பட்டு மெத்தென்ற டயரோடு தாரில் 120இல் போனால் பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிடும்.

சரளையில் 80க்கு மேல் வேண்டாம், சட்டம் இடம் கொடுத்தாலும் வேண்டாம். நமீபியாவில் சுற்றுலா வந்தவர்களின் மோசமான விபத்துகள் பல ஒரே மாதிரி: நேரான காலிச் சாலை, வேகம், ஒரு சின்ன வளைவு அல்லது குறுக்கே ஒரு மிருகம், பதறிப்போய் ஸ்டீயரிங்கை ஒடித்தல், உருளல். சரளையில் நான்கு சக்கர இயக்கத்தை ஹை ரேஞ்சில் போட்டுக்கொண்டால் வண்டி நேராக ஓடும். எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறையுங்கள், புழுதியில் ஒன்றும் தெரியாது, கண்ணாடிக்கும் கல் வரும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் சக்கரம் ஒன்றை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள், வீட்டுக்காரம்மாவும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். ஹைலக்ஸில் ஸ்டெப்னி அடிவயிற்றில் சங்கிலியில் தொங்கும், அதை இறக்கும் கம்பி எங்கே இருக்கிறது, பூட்டு நட்டின் சாவி எங்கே என்று வெயிலில் தேடக் கூடாது. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மணலில் வண்டி மேலே வராது, ஜாக்கி கீழே போகும்.

மாட்டிக்கொண்டால்

மணலில் வண்டி நின்றுவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். இறங்கி, இன்னும் கொஞ்சம் காற்றை விட்டு, சக்கரத்துக்கு முன்னாலும் வண்டியின் வயிற்றுக்கு அடியிலும் மண்ணை வாரி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு முறை இதுவே போதும். போதாவிட்டால் பிளாஸ்டிக் மணல் பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுங்கள்.

இன்னொரு வண்டி இழுக்கும்போது கட்டாயம் நினைவில் இருக்க வேண்டியது: இழுக்கும் கயிற்றை டோ பாலில், அதாவது டிரெய்லர் மாட்டும் அந்த உருண்டையில், மாட்டவே கூடாது. அது உடைந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், அதனால் செத்தவர்கள் உண்டு. வண்டிச் சட்டத்தோடு போல்ட் போட்ட, தாங்கும் எடை பொறித்த கொக்கியும் ஷாக்கிள் என்னும் இரும்பு வளையமும் மட்டும். கயிற்றின் நடுவில் ஒரு கனமான போர்வையையோ பையையோ போடுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்துங்கள், பிள்ளைகளைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

மணல் ஓட்டிப் பழகக் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள். தென்னாப்பிரிக்கக் கடற்கரைகளில் அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டுவதற்கு 2002 முதல் தடை இருக்கிறது. கேப் டவுனில் இருப்பவர்களுக்கு வடக்கே அட்லாண்டிஸ் மணல்மேடு உண்டு, நகராட்சியின் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். ஜோபர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் பண்ணைகளில் பயிற்சித் தடங்கள் இருக்கின்றன. ஒருநாள் பயிற்சி எடுங்கள், வின்ச்சுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் செலவு.

அடுக்களை

பிரஷர் குக்கர் எடுத்துப்போங்கள். இறைச்சி சுடும் பிராய் சட்டி, பொய்க்கி என்னும் முக்காலி இரும்புப்பானை எல்லாம் நல்லதுதான், ஆனால் அந்தப் பானையின் எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சானி பாஸ் உச்சி 2,876 மீட்டர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கரில் நான்கு விசில், கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். நம் சமையல் இந்தப் பயணத்துக்காகவே அமைந்தது மாதிரி: அரிசி, பருப்பு, ரவை, புளி, வற்றல், ஊறுகாய், பருப்புப்பொடி எதற்கும் ஃப்ரிட்ஜ் வேண்டாம். முதல் நாளைக்குப் புளியோதரைக் கட்டுச்சாதம். மசாலா டர்பன் விக்டோரியா தெரு மார்க்கெட்டிலோ ஜோபர்கில் ஃபோர்ட்ஸ்பர்கிலோ வாங்கிச் சின்னச் சின்ன டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தாளிக்கும் வாசனைக்குப் பக்கத்துக் கூடாரத்து போயர் தாத்தா பிளேட்டோடு வந்து நிற்பார், பதிலுக்கு அவர் பில்டாங் என்னும் உலர்ந்த இறைச்சி தருவார்.

ஃப்ரிட்ஜ் வாங்குவதானால் 40 லிட்டர் போதும். நேஷனல் லூனா போன்ற உள்ளூர்த் தயாரிப்புகள் இந்த வெயிலுக்கும் குலுக்கலுக்கும் பழகியவை. அதற்கு இரண்டாவது பேட்டரியும், ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் கருவியும் வேண்டும், இல்லையென்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. போட்ஸ்வானாவிலும் நமீபியாவிலும் கால்நடைக் கோமாரி நோய் பரவாமல் இருக்க நீளமான வேலி போட்டிருக்கிறார்கள். வடக்கிலிருந்து தெற்கே வரும்போது பச்சை இறைச்சியைப் பிடுங்கிக்கொள்வார்கள், செருப்பையும் டயரையும் மருந்துத் தண்ணீரில் முக்கச் சொல்வார்கள். அதனால் வேலி தாண்டும் நாளுக்கு முந்தின ராத்திரியே சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

காகிதங்கள்

வண்டிக் கடன் இன்னும் பாக்கி இருந்தால் வண்டி வங்கியுடையது. நாட்டை விட்டு எடுத்துப்போக வங்கியிடமிருந்து அனுமதிக் கடிதம் வேண்டும், தேதியும் நாடுகளின் பெயரும் போட்டு. இன்சூரன்ஸ்காரர்களிடமும் எந்தெந்த நாட்டில் செல்லும் என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டி வேறொருவர் பெயரில் என்றால் அவருடைய பிரமாணக் கடிதம். பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் இலவசமாகச் சான்று முத்திரை குத்திக் கொடுப்பார்கள். பின்னால் இசட் ஏ ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் பெற்றோர் பெயர் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழும், அப்பாவோ அம்மாவோ உடன் வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதமும் வைத்திருங்கள்.

தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு நமீபியா, போட்ஸ்வானா, மொசாம்பிக், ஜிம்பாப்வே, ஜாம்பியா எதற்கும் முன்கூட்டி விசா வேண்டாம். இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகத் தூதரகத்தில் கேட்க வேண்டும். இதைவிட முக்கியம், திரும்பி உள்ளே வருவது. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவின் தென்னாப்பிரிக்க விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால், சும்மா அரைநாள் லெசோதோ பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போகக் கூடாது. திரும்ப விடமாட்டார்கள்.

பார்டரில் பொறுமைதான் மூலதனம். முதலில் இந்தப் பக்கம் குடிவரவு முத்திரை, சுங்கம், ஒரு சின்ன கேட் பாஸ் துண்டு. அதைத் தொலைத்தால் கேட் திறக்காது. அந்தப் பக்கம் மறுபடி முத்திரை, வண்டிப் பதிவு, சாலை வரி, சில நாடுகளில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். ஜிம்பாப்வேயில் இவற்றுக்கு அமெரிக்க டாலர் சில்லறையாக வைத்திருங்கள். ஜிம்பாப்வே எல்லையான பீட்பிரிட்ஜில் “நான் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்” என்று ஓடிவருகிறவர்களிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவே வேண்டாம், கவுன்ட்டருக்கு நீங்களே போங்கள். டிசம்பரிலும் ஈஸ்டரிலும் அங்கே கூட்டம் தாங்காது. பெரிய வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பார்த்துவிட்டு, கூட்டம் வடிந்தபிறகு கிளம்பலாம்.

நமீபியா, லெசோதோ, எஸ்வாட்டினியில் நம் ராண்ட் அப்படியே செல்லும். நமீபிய டாலர் இங்கே செல்லாது, வருமுன் செலவழித்துவிடுங்கள். மொசாம்பிக்கில் ஒளிரும் மேலங்கியும் இரண்டு எச்சரிக்கை முக்கோணமும் கேட்பார்கள். தெற்கிலும் கிழக்கிலும் கென்யா வரைக்கும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், அங்கோலாவில் வலதுபக்கம். சுற்றியுள்ள நாடுகளுக்குக் கார்னே என்னும் சுங்கப் புத்தகம் தேவைப்படாது. கென்யா, எகிப்து என்று கனவு நீளும்போது ஏஏ என்னும் வாகன ஓட்டிகள் சங்க அலுவலகத்தில் அதை வாங்கிக்கொள்ளலாம், பெரிய முன்பணம் கேட்பார்கள்.

எங்கே தொடங்குவது

வட்டம் வட்டமாகப் பெரிதாக்குங்கள். முதலில் டிராக்கன்ஸ்பர்க் அடிவாரத்தில் ஒரு வார இறுதி. கூடாரம் எங்கே ஒழுகுகிறது, எந்தச் சாமான் எங்கே இருந்தால் கைக்கு எட்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து டர்பன்காரர்களுக்கு அண்டர்பர்க் வழியாக சானி பாஸ். காலையிலேயே ஏறுங்கள், பார்டர் மாலை ஆறு மணிக்கு மூடிவிடும், குளிர்காலத்தில் பனிக்கட்டி உறைந்த வளைவுகளில் போக வேண்டாம். கேப் பக்கம் இருப்பவர்களுக்கு செரஸிலிருந்து கால்வினியாவுக்குப் போகும் ஆர்355: சுமார் 250 கிலோமீட்டருக்கு நடுவில் ஓர் ஊர் கிடையாது, கூரான கல் டயரைத் தின்னும். மேலே சொன்ன காற்றுக் கணக்கெல்லாம் அங்கே பரீட்சைக்கு வரும்.

மூன்றாவதாகக் கலகாடி. தென்னாப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் சேர்ந்து 2000இல் திறந்த, ஆப்பிரிக்காவின் முதல் எல்லை கடந்த பூங்கா. ட்வீ ரிவிரன், நோசோப், மாட்டா மாட்டா மூன்று முகாமிலும் எரிபொருள் கிடைக்கும், வேலி உண்டு, உதவி உண்டு, ஆனாலும் முழுப் பாலைவனம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முன்பதிவு பதினோரு மாதம் முன்பே திறந்துவிடும், பள்ளி விடுமுறை நாட்கள் உடனே தீர்ந்துவிடும். ஜூலையில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், கம்பளி எடுங்கள். மாட்டா மாட்டா வழியாக நமீபியாவுக்குள் போக வேண்டுமென்றால் பூங்காவில் இரண்டு இரவாவது தங்க வேண்டும் என்பது விதி.

அதற்கப்புறம் மத்திய கலஹாரி சரணாலயம், மக்கடிக்கடி உப்புப் படுகை. இங்கே ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள். சரணாலயத்துக்குள் எரிபொருளும் கடையும் கிடையாது. தாரில் நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் வண்டி மணலில் பதினேழு, பதினெட்டு குடிக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். உப்புப் படுகையின் மேல்தோல் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே சேறு, கயிறு கட்ட ஒரு மரம்கூட இருக்காது. ஏற்கெனவே உள்ள தடத்தை விட்டு விலகாதீர்கள், மழை மாதங்களில், நவம்பரிலிருந்து மார்ச் வரை, பக்கமே போகாதீர்கள். அங்கிருந்து வடக்கே கசுங்குலா. 2021இல் பாலம் திறக்கும்வரை படகில்தான் வண்டியை ஏற்றி ஜாம்பெசியைக் கடந்தார்கள், இப்போது நேராக ஜாம்பியாவுக்குள் ஓட்டிப் போகலாம்.

போனில் டிராக்ஸ் ஃபார் ஆப்பிரிக்கா வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தூரத்தைவிட அதில் உள்ள ஓட்ட நேரத்தை நம்புங்கள். சிக்னல் இல்லாத இடத்துக்குச் சாட்டிலைட் செய்திக் கருவி ஒன்று.

இருட்டு, மிருகம், உடம்பு

இருட்டியபின் ஓட்டக் கூடாது. கழுதையும் மாடும் ரோட்டில் படுத்திருக்கும், குடூ மான் வெளிச்சத்தைப் பார்த்துத் தாவும், வளர்ந்த ஆண் இருநூறு கிலோவுக்கு மேல். நாலு மணிக்கெல்லாம் முகாமில் இருப்பது மாதிரித் திட்டமிடுங்கள். வேலி இல்லாத முகாமில் செருப்பு, ஐஸ் பெட்டி, சாப்பாடு எதையும் வெளியே விடாதீர்கள், கழுதைப்புலி செருப்பைக்கூட விடாது. ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவுக்கு ஆரஞ்சு, எலுமிச்சை கொண்டுபோகவே கூடாது, அந்த வாசனைக்கு யானை வண்டியைப் பிரித்துவிடும். ஊறுகாய் ஜாடியையும் அந்த ஒரு பயணத்துக்கு வீட்டில் வையுங்கள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும்.

புல் உயர்ந்த தடங்களில் ரேடியேட்டருக்கு முன்னால், புல்விதை அடைக்காமல் தடுக்கும் விதை வலை கட்டுங்கள், ஒரு மணிக்கொரு முறை இறங்கி அடியில் சைலன்ஸர் பக்கம் சேர்ந்த காய்ந்த புல்லைப் பிடுங்குங்கள். அதில் தீப்பிடித்து முழு வண்டியும் எரிந்துபோன கதைகள் போட்ஸ்வானாவில் நிறைய. தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள், முக்கியமாக உப்புப் படுகை போனவர்கள். ஏர் ஃபில்டர், சக்கர நட்டுகள், ஷாக் அப்ஸார்பர் பாருங்கள். ஒருமுறைகூடத் தொடாத சாமானை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், மறுமுறை எடை மேடையில் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக மலேரியா. மொசாம்பிக், ஜாம்பியா, போட்ஸ்வானாவின் வடபகுதி, நமீபியாவின் வடகிழக்கு, இங்கேயே க்ரூகர் பக்கம் எல்லாம் உண்டு. கிளம்பும் முன் டாக்டரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள், திரும்பிய பிறகும் அவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து. வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல், தலைவலி, குளிர்நடுக்கம் எது வந்தாலும் ஃப்ளூ என்று வீட்டில் கஷாயம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே போய், எந்தப் பகுதிக்குப் போனீர்கள் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.